பச்சைச் சேலை, நான்கு விநாடி

அந்த அருப்புக்கோட்டைப் பெண்ணைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது பத்து பன்னிரண்டு. நாற்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது. மாடிப்படிகள் முப்பத்தெட்டு. இருபதாவது படியில் கல் பெயர்ந்திருப்பதால் யார் ஏறி வந்தாலும் அங்கே ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பதினெட்டுப் படி, இளம் வயதாக இருந்தால் பன்னிரண்டு விநாடி, என்னைப் போன்றவர் என்றால் முப்பது. அந்தச் சத்தம் கேட்ட பிறகும் எனக்குப் பன்னிரண்டு விநாடி இருக்கும், அதற்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்று நேற்று நினைத்தேன், பன்னிரண்டு விநாடியில் நான் எதையும் முடிவு செய்தவன் இல்லை என்பது இன்று காலை பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டப்பிங் அறை. ஏதோ தொடருக்காக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கெட்ட மாமியாரோ கெட்ட நாத்தனாரோ, யாரையோ கெடுத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. நிறுத்துகிறாள், ஒரு ஆண் குரல் ஏதோ சொல்கிறது, மறுபடி முதலிலிருந்து சிரிக்கிறாள். இதோடு ஒன்பது தடவை. மேசை மேல் என் நோட்டு இருக்கிறது, நாற்பத்தொன்றில் இருபத்தாறாவது. நோட்டுக்குப் பக்கத்தில் ஹார்டு டிஸ்க், எண் அறுபத்து மூன்று. காலையில் பீரோவிலிருந்து எடுத்து வைத்தேன். எடுத்து வைத்ததை என் பங்குதாரர் ஹெலன் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பயம். பதினேழு வருடத்தில் அவள் முகத்தில் பயத்தை நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன், இது ஐந்தாவது. "அண்ணே, இது இன்னும் இருக்கா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "எல்லா டிஸ்க்கையும் தொண்ணூறு நாள்ல அழிச்சு மறுபடி எடுத்துக்குவோமே. நீங்கதானே எனக்கே அந்த ரூலைப் போட்டீங்க?" நான்தான் போட்டேன். அறுபத்து மூன்றை மட்டும் அழிக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. "வந்தா அழிச்சாச்சுன்னு சொல்லிடுங்க. பொய்யும் இல்லைண்ணே, மத்ததெல்லாம் அழிச்சாச்சுல்ல. நாலு மணிக்குச் சேனல்ல மீட்டிங். அடுத்த சீசன் கையெழுத்து. அந்தப் பொண்ணு வெளிய போய் போனைக் கையில பிடிச்சுட்டு ஒரு நிமிசம் பேசினாப் போதும், நாளைக்கு நம்ம ஆபீஸ்ல ஒன்பது பேரு வீட்டுல உட்கார வேண்டியதுதான்." பத்துப் பேர். தன்னை அவள் எப்போதும் சேர்த்து எண்ணுவதில்லை. நான் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை போனை எடுத்தது நான். எடுத்திருக்கக் கூடாது, போனில் பேசுவது எனக்கு என்றைக்கும் வராது, ஆனால் வரவேற்பறைப் பெண் சாப்பிடப் போயிருந்தாள், மணி ஏழு தடவை அடித்தது. "நான் ஜெயக்கொடி பேசுறேன். மூணு வருசத்துக்கு முன்னால உங்க நிகழ்ச்சிக்கு வந்தேன், அருப்புக்கோட்டை." தெரிந்துவிட்டது. 'ஒரே முற்றம்', தொண்ணூற்று நான்காம் பகுதி, தாயும் மகளும். "எங்கம்மா தவறிட்டாங்க. பத்து நாளாச்சு. அதுல எங்கம்மா சிரிச்ச ஒரு இடம் இருக்குல்ல, அது விசயமா நேர்ல வரணும்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எந்த விஷயமாக என்று கேட்டிருக்கலாம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்கம்மா" என்றேன், ஏதோ பல் டாக்டர் வீட்டு ஆள் போல. வைத்த பிறகும் ரிசீவரின் மேல் கை இருந்தது. சிரிச்ச இடம் விசயமா. அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? பிள்ளை வயிற்றிலேயே போன கதையைத் தான் சொல்லும்போது தன்னைப் பெற்றவள் நிஜமாகவே சிரித்தாளா என்று கேட்கப் போகிறாள். இருக்கிறவரை கேட்காததை, செத்த பிறகு கேட்கப் போகிறாள். கேட்பதற்கு நாங்கள்தான் இருக்கிறோம்.

எங்கள் தொழிலில் கதை எழுதுகிறவர் கிடையாது. மனிதர்கள் வருவார்கள், பேசுவார்கள், எடுப்போம். ஹெலனும் நானும் நேர்முகம் புரொடக்‌ஷன்ஸ் ஆரம்பித்தபோது அது ரொம்ப யோக்கியமான காரியமாகத் தெரிந்தது. அவள் ஒரு சேனலில் உதவி இயக்குநர், நான் அங்கே லைட் தூக்கிக்கொண்டிருந்து பிறகு கேசட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவனாக ஆனவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பேச வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதினேன். எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பேன். மற்றவர்கள் ஒரு முகத்தைத் தேடி அரை நாள் ஓட்டிப் பார்ப்பார்கள், நான் நோட்டைப் புரட்டி அரை நிமிடத்தில் சொல்வேன். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா நான் கம்பெனியே ஆரம்பிப்பேன்" என்று ஹெலன் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னாள், மறுவருடம் ஆரம்பித்துவிட்டாள், என்னைப் பங்குதாரர் என்று எழுதிக்கொண்டாள். அவளுக்கு வாய், எனக்குக் கணக்கு. முதலில் சமையல் போட்டி, நூற்றிருபது பகுதி. பிறகு மாமியார்–மருமகள் கோலப் போட்டி, ஐம்பத்திரண்டு. கோலப் போட்டி நடக்கும்போதுதான் ஒரு மருமகள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கேமராவை நிறுத்தவில்லை. அந்த வாரம் எல்லா வீட்டிலும் அதைப் பார்த்தார்கள். சேனலில் கோலம் வேண்டாம், அழுகை போதும் என்றார்கள், இவ்வளவு பட்டென்று சொல்லவில்லை, சுற்றி வளைத்து இதைத்தான் சொன்னார்கள். அங்கிருந்து 'ஒரே முற்றம்'. பிரிந்த குடும்பங்களை எதிரெதிரே உட்கார வைப்பது. என் நோட்டில் மூன்று எழுத்து போதுமானதாக இருந்தது. சி, அ, வெ. சிரிப்பு, அழுகை, வெறிப்பு. ஒவ்வொன்றுக்கும் நேரம், எத்தனை விநாடி, என்ன நிறத்து உடை. பெயர் எழுதுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று குடும்பம், பெயர் குழம்பும், உடை குழம்பாது.

பத்து முப்பத்தொன்று. பதினான்காவது தடவை சிரிக்கிறாள். இந்தத் தடவை நன்றாக வந்ததாக எனக்குப் பட்டது, அந்த ஆணுக்குப் படவில்லை. எங்களிடம் இரண்டு கட்டாயமான வழக்கங்கள் உண்டு. ஒன்று, பிரிந்திருக்கும் இரண்டு தரப்பும் கேமரா ஓடுவதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. தனித்தனி வண்டி, தனித்தனி அறை, கழிவறைக்குப் போனாலும் கூடவே ஆள். ஏழு வருடம் கழித்துப் பெண்ணைப் பார்க்கிற தாயின் முகம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை நாங்கள் தவறவிடக் கூடாது. இரண்டாவது, நிகழ்ச்சி தொடங்கும் முன் இருபது நிமிடம் 'முகம் எடுப்பது'. உட்கார்ந்திருப்பவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுப்பார்கள், சாப்பிட்டீர்களா, பஸ் எப்படி, மைக் குத்துகிறதா என்று. மூன்றாம் கேமரா சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த முகங்கள் பின்னால் எங்கேயாவது ஒட்டுப்போட உதவும். எல்லாரும் செய்வதுதான். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை, மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆனி மாதம் வரை, இல்லை, அதுவும் பொய், அந்த ஆனி மாதத்திலும் நான் நினைக்கவில்லை, என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் நினைத்தேன். அன்றைக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு வாடகைக் கொட்டகை. ஜெயக்கொடியின் தாய் முத்துராக்கு அம்மாளை ஒன்பதரைக்கே சோபாவில் உட்கார வைத்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த புள்ளிகள், இடது கையில் ஐந்து, வலது கையில் எட்டு. மடிப்புக் கலையாத பச்சைச் சேலை. தகரப் பெட்டிக்குள் ரொம்ப நாள் கிடந்த சேலையில் வருமே, அந்த வாசனை மானிட்டர் இருந்த இடம் வரைக்கும் வந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "ம்" என்றார். அப்போது மைக் பார்க்கிற ஆள் தப்பான கதவு வழியாக மகளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது மட்டும்தான் நடந்தது. வயர் வெளியே தெரியாமல் ரவிக்கைக்குள் செருகுவதற்கு அவள் பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து நின்றாள். ஹெலன் பார்த்துவிட்டுக் கத்தினாள். வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். பெண் தாயைப் பார்க்கவில்லை. நோட்டில் இரண்டு வரி இருக்கிறது, முதல் எண் டிஸ்க்கில் எத்தனையாவது நிமிடம், அடுத்தது விநாடி. "11:40 – பச்சைச் சேலை, சி, நான்கு விநாடி." அதற்குக் கீழே "11:52 – பெண் வெளியே." நான் கூட்டல் கழித்தலில் பிசகியதில்லை. மளிகைக் கடைக்காரர் வாயால் கூட்டுவதை நிற்கும் இடத்திலிருந்தே சரிபார்த்துவிடுவேன். இந்த ஒரு கழித்தலை மட்டும் மூன்று வருடமாகப் போடவில்லை. பச்சைச் சேலை எதைப் பார்த்துச் சிரித்தது என்று நான் எழுதவில்லை. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தத் தப்பான கதவிலிருந்து நடந்தது. விளக்கெல்லாம் போட்டு, இசைக்காக இடம் விட்டு, மகளை முறைப்படி உள்ளே கூட்டி வந்தபோது தாய் நிமிரவே இல்லை. ஏற்கெனவே பார்த்துவிட்டவர். மறுபடி பார்க்கத் துணிவில்லையோ, பார்த்ததைக் காட்டிக்கொண்டால் கத்துவார்களோ என்று பயந்தாரோ. கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் வரிசையில் முணுமுணுப்பு. பெண் தன் கதையைச் சொன்னாள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம், திருப்பூர், அவன் அடி, ஆறு மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை போனது, ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு மூன்று தடவை போன் செய்தது, மூன்று தடவையும் எடுத்த கை பேசாமல் வைத்தது. அதைச் சொன்னபோது தாய் முந்தானையை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார். இரண்டு நிமிடம் பத்து விநாடி. உள்ளே தோள் குலுங்கியதா என்றால், குலுங்கியது, ஆனால் தோள் முகம் ஆகாது. எடிட்டிங் மேசையில் அந்த இடம் வந்ததும் ஹெலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு நிமிசம் துணியையே காட்ட முடியுமா? சேனல்ல அந்தம்மா கெட்டவளாத் தெரியணும்ங்கிறாங்க, அப்பதான் கடைசில சேரும்போது மனசுல நிக்கும்." கடைசியில் சேர்வார்கள் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டதை எடுத்தும் இருந்தோம், ஒன்பது விநாடி. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, அவங்க சிரிக்கிற மாதிரி முகம் ஏதாச்சும் மாட்டுச்சா?" என்றாள். நான் நோட்டைப் புரட்டினேன். முப்பது விநாடிகூட ஆகவில்லை. சொன்னேன். "பாத்தீங்களா, இதுக்குத்தான் எங்க அண்ணன் வேணும்ங்கிறது" என்று அவள் அறையில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல வெட்கம், ஒருவர் நம்மைப் பாராட்டும்போது வருவது. அந்தச் சந்தோஷத்தோடு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கோமளாவுக்கு அரை முழம் கூடுதலாகப் பூ வாங்கினேன்.

கோமளா என் மனைவி. எங்கள் நிகழ்ச்சி ஒன்றையும் விடமாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு பார்த்தாள். பெண் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறாள், மூன்று தடவை போன் செய்தேன் என்கிறாள், அங்கே தாய் முகம், மெதுவாக உதடு விரிந்து, கண் சுருங்கி, ஒரு சிரிப்பு. நான்கு விநாடி. கோமளாவின் கத்தி நின்றது. "ஏங்க, என்ன பொம்பளைங்க இவ? பெத்த வயிறா இது?" என்றாள். அவளுக்கும் ஒன்று அப்படிப் போனது, முதலாவது, ஐந்தாம் மாதம். அவள் அம்மா ரயிலேறி வந்து பதினொரு நாள் கூட இருந்துவிட்டுப் போனார். "சொல்லுங்க, நீங்க அங்கதானே இருந்தீங்க? ஈவு இரக்கமில்லாம சிரிச்சாளா?" நான் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், விளம்பரம் வந்துவிட்டது, அவள் எழுந்து வெண்டைக்காயைக் கழுவப் போய்விட்டாள். அப்போது சொல்லாததை அப்புறம் எங்கே சொல்வது? அந்த நான்கு விநாடியை யாரோ வெட்டி எடுத்தார்கள். அதன் மேல் எழுத்துகளை ஒட்டி, சிரிக்கிற மஞ்சள் பொம்மைகளை ஒட்டி, போனுக்குப் போன் அனுப்பினார்கள். வேலை போனவன், தேர்தலில் தோற்றவன், கிரிக்கெட்டில் அவுட் ஆனவன், எல்லாருடைய துக்கத்துக்கும் பக்கத்தில் அந்த முகம். என் மச்சான் எனக்கே அனுப்பினான். அருப்புக்கோட்டையில் என்ன நடந்தது என்று எங்களுக்குப் பாதிதான் தெரியும். "சிரிக்கிறவ சோத்தை எம்பிள்ள திங்காது" என்று இரண்டு மூன்று பெற்றோர் பள்ளிக்கூடத்தில் போய் நின்றதாக அந்த ஊர் நிருபர் ஹெலனிடம் சொன்னார். முத்துராக்கு அம்மாள் சமையல் வேலையை விட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். ஹெலன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதை நான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் தொண்ணூற்று ஏழாம் பகுதி படப்பிடிப்பு. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்ட தாயும் மகளும் ஒளிபரப்புக்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து 'அப்புறம் என்ன ஆச்சு' என்று ஒரு சிறப்புப் பகுதி எடுக்க மகளைக் கூப்பிட்டபோது, "டிவில பாத்துட்டேன், இனி அவுக முகத்துல முழிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். தொண்ணூறு நாள் கழிந்தும் அழிக்காமல் விட்டிருந்த அறுபத்து மூன்றை அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்து ஆபீஸ் பீரோவில் என் பழைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்தேன். போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்து நாற்பத்தொன்பது. ஹெலன் கதவருகே வந்து நிற்கிறாள். நிற்கிறாளா, அல்லது காலையில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறதா? நிற்கிறாள், கையில் டீ. "நான் உங்களுக்காகவும்தாண்ணே சொல்றேன். அவளுக்காகவும்தான். இப்ப அவ அம்மா மேல கோபமா இருக்கா. கோபமா இருந்தாத் தாங்கிக்கலாம். நீங்க போட்டுக் காட்டினா அந்தக் கோபத்தை எங்க கொண்டு போய் வைப்பா? செத்தவங்களைக் கூப்பிட்டு வந்து மறுபடி எதிர்ல உட்கார வைக்க முடியுமா நம்மால?" ஹெலன் எப்போதும் சரியாகத்தான் பேசுகிறாள், அதுதான் கஷ்டம். அவள் முடி முழுக்க நரைத்துவிட்டதை இன்றுதான் கவனிக்கிறேன். சாயம் பூச நேரமில்லை, அடுத்த சீசனுக்காக இருபத்தொரு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அழித்துவிட்டோம் என்று நான் சொன்னால் அந்தப் பெண் ஒரு பதிலும் இல்லாமல் பஸ் ஏறுவாள். ஆனால் பொய் சொல்லும்போது என் நாக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பழக்கம் இல்லை, நான் பொய் சொன்னதெல்லாம் வாயை மூடிக்கொண்டுதான். உண்மையைச் சொன்னால்? அம்மா, உங்கள் தாயார் அதற்குச் சிரிக்கவில்லை. அது வேறு நேரம். எந்த நேரம்? பதினொன்று நாற்பது. எதைப் பார்த்து? கட்டம் இல்லையம்மா. கட்டம் போடாதது யார்? இந்தக் கேள்விகளை அவள் கேட்பாள் என்று மூன்று நாளாகப் பதில் எழுதிப் பார்க்கிறேன், எழுதவும் வரவில்லை. சிரிக்கிற பெண் பதினேழாவது தடவை சிரித்தாள். அந்தப் பக்கம் கை தட்டினார்கள். சரியாக வந்துவிட்டது போல. அப்போது இருபதாவது படி சத்தம் போட்டது. பத்து நிமிடம் முன்னதாக. பன்னிரண்டு விநாடி என்று நினைத்திருந்தேன், இருபத்தாறு ஆனது. இளம் வயதில் அவ்வளவு மெதுவாக ஏறி வருகிறவளை நான் எதிர்பார்க்கவில்லை.

மஞ்சள் பை, கையில் நசுங்கிய தண்ணீர் பாட்டில். அன்று மானிட்டரில் பார்த்த பெண்ணைவிடக் கறுத்திருந்தாள். "விடியக்காலமே வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன்" என்றாள். ஹெலன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அம்மா விசயம் கேள்விப்பட்டோம்மா, மனசே சரியில்ல" என்றாள். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "அய்யா, நீங்கதான் போன்ல பேசினீகளா? அந்தச் சிரிச்ச இடம் இருக்கா?" என்றாள். ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். கேள்வி வரப் போகிறது என்று கை இரண்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டன. "ஞாயித்துக்கிழமை பதினாறு. படம் வச்சு மாலை போடணும். ரேசன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடத்து ஐடி கார்டு, எல்லாத்தையும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் உம்முன்னு இருக்காக. எங்கம்மா எந்த போட்டோவுலயும் சிரிச்சதில்ல. அது ஒண்ணுதான். போன்ல இருக்கிறதுல முகத்து மேல எழுத்தும் பொம்மையுமாக் கெடக்கு. எழுத்து இல்லாம ஒரு பிரதி போட்டுக் குடுத்தீகன்னா போதும்." ஹெலன் மூச்சை விட்டாள், எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். ஒரு படம். அவள் எதையும் கேட்க வரவில்லை. தான் பிள்ளையைப் பறிகொடுத்ததைக் கேட்டுத் தாய் சிரித்தாள் என்று நம்பிக்கொண்டே, அந்தச் சிரிப்பையே சட்டம் போட்டு மாட்ட வந்திருக்கிறாள். "அதுக்கென்னம்மா, ஒளிபரப்பான காப்பி நம்மகிட்ட இருக்கு, இப்பவே எடுத்துத் தரச் சொல்றேன்" என்று ஹெலன் வேகமாக வெளியே கையைக் காட்டினாள். எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக நான் பயந்த கேள்வி இந்த உலகத்தில் இல்லை. ஆனால் பயம் போகவில்லை, கேள்வி இருந்தபோது அது வெளியே இருந்தது, இப்போது அதற்கு என்னைத் தவிர வேறு இடம் இல்லை. "அதுல எழுத்து இருக்கும்" என்றேன். என் குரல்தான். "சேனல் முத்திரை, ஓரத்துல நிகழ்ச்சி பேரு. சுத்தமா வேணும்னா இதுலதான் இருக்கு." டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். "அண்ணே" என்றாள் ஹெலன், மெதுவாக.

நான்கு விநாடியைத் தனியாக எடுத்துக் காட்டியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் போய் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, ஓட விட்டேன். முத்துராக்கு அம்மாள் சோபாவில். யாரோ பஸ் வசதியாக இருந்ததா என்று கேட்கிறார்கள். "ம்." ஜெயக்கொடி தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தாள். திரையில் கதவுச் சத்தம். அந்த முகம் இடது பக்கம் திரும்புகிறது. பதினொன்று முப்பத்தொன்பது. உதடு விரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அங்கே நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன், நான்குக்கு மேல் கேமரா கொஞ்சம் ஆடியது, ஆடினால் உபயோகப்படாது, அதனால் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு. ஏழாவதில் அந்தத் தாயின் குரல், மைக்கில் மெல்லப் பதிந்தது, தனக்குத் தானே, "எம்புட்டு எளைச்சுப் போனா." எட்டு, ஒன்பது. ஹெலனின் குரல், மூன்று வருடம் இளையது, "யாருப்பா உள்ள விட்டது? கூட்டிட்டுப் போ, வெளிய கூட்டிட்டுப் போ!" பத்து. முகம் கதவு வரை கூடவே போகிறது. பதினொன்று. பிறகு அது மூடிக்கொண்டது. கையால் முழங்காலில் சேலையை ஒரு தடவை நீவிவிட்டார். நான் நிறுத்தினேன். "இது எப்ப?" என்றாள் ஜெயக்கொடி. "நீங்க மைக் மாட்டக் குனிஞ்சு நின்னீங்களேம்மா. அப்ப. உங்களைப் பாத்துத்தான்." கழித்தலை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "நீங்க ஆஸ்பத்திரி விசயம் சொல்லும்போது அவங்க முகத்தை மூடிக்கிட்டாங்க. முகம் கிடைக்கல. இதை எடுத்து அங்க வச்சோம். எங்க இருக்குன்னு தேடிக் குடுத்தது நான்."  டப்பிங் அறை ஓய்ந்திருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா நாலு தடவை கூப்பிட்டாக" என்றாள் கடைசியாக, "அது டிவியில வந்த மறுநாள்ல இருந்து. நாலு தடவையும் நான்தான் கட் பண்ணினேன்." ஹெலன் அவள் தோளைத் தொடப் போனாள். "வேணாங்க்கா" என்றாள், கையைத் தட்டிவிடவில்லை, தோளை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஹெலனின் போன் மேசையில் அதிர்ந்தது, சேனல் பெயர் ஒளிர்ந்தது, அவள் எடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன், அதற்குப் பதில் திறந்த நோட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். இதுதான் நான் செய்தது என்று காட்டுகிற மாதிரி. அவள் என் கையெழுத்தை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பச்சைச் சேலை, சி, நான்கு விநாடி. படித்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். "பச்சை இல்லய்யா இது" என்றாள். "மயில் கழுத்து. எங்கல்யாணத்துக்குன்னு எடுத்துப் பெட்டியில வச்சிருந்தாக. நான் சொல்லாம ஓடிப் போயிட்டேன். இதைக் கட்டிட்டுத்தான் வந்திருக்காக, நான் அன்னைக்கிக் கவனிக்கல." தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "பிரதி போட்டுக் குடுங்க. ஒரு மணிக்கு பஸ்." நான் பேனாவை எடுத்தேன். 'பச்சை' என்பதை அடித்துவிட்டு மேலே 'மயில் கழுத்து' என்று எழுதினேன். 'நான்கு' என்பதை அடித்துவிட்டு 'பதினொன்று' என்று எழுதினேன். மிச்சம் எழுத வேண்டியது யாரைப் பார்த்து என்பது, அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் கொஞ்சமாக இருந்தது, எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவள் சரிபார்ப்பது போல நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.